தற்செயலும் நற்பேறும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலுக்கு வருவோர் அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் தேங்காய், சில வேளைகளில் உள்ளே அழுகியிருப்பதுண்டு. அர்ச்சகர் உடைத்த மாத்திரத்தில் அதனைக் காணும் குடும்பத்தினரின் முகம் வாடிவிடுகிறது. ‘ஏதோ தீங்கு வரப்போகிறது’ என்று வீடு திரும்பும் வரையில் கலங்குவோரும் உளர். அதே தேங்காயினுள் பூ இருந்துவிட்டாலோ, ‘நல்ல காலம் பிறந்துவிட்டது’ என்று உள்ளம் பூரிக்கின்றனர்.

சற்று அமைதியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தக் காய் உள்ளே கெட்டுப்போனது பல நாட்களுக்கு முன்னர். கடைக்காரர் குவியலிலிருந்து அதனை எடுத்துக் கொடுத்தது அன்று காலையில். பின்னால் நின்ற குடும்பத்தினர் ஒரு நிமிடம் முந்தி வந்திருந்தால், அதே காய் அவர்கள் தட்டில் அமர்ந்திருக்கும். பூ விட்ட காயும் அத்தகையதே. நன்கு முற்றி முளைவிடத் தொடங்கிய காய் அது. எவர் கைக்கு வந்தாலும் உள்ளே பூவுடன்தான் வந்திருக்கும். இங்கே நிகழ்ந்தது ஒன்று. அதற்கு மனிதர் இட்ட பெயர் மற்றொன்று. நிகழ்ந்தது தற்செயல்; இட்ட பெயர் அதிர்ஷ்டம் அல்லது துரதிர்ஷ்டம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால் வீண் அச்சங்கள் பல நீங்கும். அதனினும் மேலாக, பிறர் மனத்தைப் புண்படுத்தும் பெரும்பாவம் ஒன்றிலிருந்தும் விலகி நிற்கலாம்.

சொற்கள் காட்டும் வழி

‘அதிர்ஷ்டம்’ என்னும் சொல் வடமொழியில் ‘அத்ருஷ்டம்’ என்பதிலிருந்து வந்தது. ‘த்ருஷ்டம்’ என்றால் காணப்பட்டது. ‘அத்ருஷ்டம்’ என்றால் காணப்படாதது. வைசேடிகம் முதலிய தரிசன நூல்கள், கண்ணுக்குப் புலனாகாத காரணத்தை இச்சொல்லால் குறித்தன. நாளடைவில் பேச்சு வழக்கில் அது நற்பேற்றை மட்டும் குறிக்கலாயிற்று. தமிழில் ஆகூழ், பேறு, யோகம் என்று வழங்குவனவும் ஏறத்தாழ இப்பொருள் தருவனவே. ‘தற்செயல்’ என்பதோ தானாக நிகழ்வது. எவரும் எண்ணிச் செய்யாதது. எவரையும் குறிவைத்து வாராதது.

சுவேதாசுவதர உபநிடதத்தின் தொடக்கத்தில் ஞானியர் சிலர் கூடி, உலகிற்கு மூல காரணம் யாது என்று ஆராய்கின்றனர். காலமா, இயல்பா, நியதியா, யத்ருச்சையா, ஐம்பூதங்களா என்று ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகின்றனர். நியதி என்பது விதி. யத்ருச்சை என்பது தற்செயல். இவற்றுள் எதுவும் தனித்து மூல காரணம் ஆகாது என்பதே அவ்வுபநிடதம் காட்டும் முடிவு. ஆயினும் விதியும் தற்செயலும் ஒன்றல்ல, அவற்றை வேறு வேறாக வைத்தே எண்ணுதல் வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தது.

இதனைப் பாமரரும் உணர ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னர் அச்சீட்டை வாங்கி ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ! ஒரு லட்சம் சீட்டுகள் அனைத்தும் விற்று, அவற்றுள் ஒன்றுக்கு முதற்பரிசு என்று வைத்துக்கொள்வோர் எண்ணிப் பார்க்கட்டும். எவரேனும் ஒருவருக்குப் பரிசு விழுவது உறுதி. அவர் எவர் என்பது தற்செயல். பரிசு பெற்றவரோ, ‘என் அதிர்ஷ்டம்’ என்கிறார். பெறாத 99,999 பேரும், ‘என் தலையெழுத்து’ என்கின்றனர். சீட்டைக் குலுக்கிய கருவி ஒருவருடைய பெயரையும் அறியாது; ஒருவருடைய வறுமையையும் அறியாது.

ஆகவே, தற்செயல் என்பது நிகழ்ச்சியின் பக்கம் நின்று சொல்லும் சொல். அதிர்ஷ்டம் என்பது அந்நிகழ்ச்சியால் நன்மையோ தீமையோ அடைந்த மனிதனின் பக்கம் நின்று சொல்லும் சொல். நிகழ்ச்சிக்கு முகம் இல்லை. முகத்தை வரைந்து சேர்ப்பது மனித மனமே.

காக்கையும் பனம்பழமும்

‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல’ என்பது தமிழர் நாவில் தவழும் பழமொழி. வடமொழியாளர் இதனையே ‘காகதாலீய நியாயம்’ என்பர். பழம் நன்கு பழுத்துக் காம்பு தளர்ந்திருந்தது. அது விழும் வேளையும் காக்கை வந்து அமர்ந்த வேளையும் ஒன்றாயின. காக்கைக்குப் பழத்தை வீழ்த்தும் ஆற்றலும் இல்லை, பழத்திற்குக் காக்கையின் மீது சினமும் இல்லை. ஒருசேர நிகழ்ந்த இரண்டனுள் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்ளுதல் பிழை என்பதை இதனினும் எளிதாக எவர் உரைக்க வல்லார்?

இத்தகைய ஒத்த நிகழ்ச்சிகள் மனிதர் நினைப்பதைக் காட்டிலும் மிகுதியாகவே நிகழ்கின்றன. ஓர் இல்ல விழாவில் 23 பேர் கூடியிருக்கின்றனர் என்க. அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்த தேதியும் மாதமும் ஒன்றாக இருக்குமா? ஆண்டிற்கு 365 நாட்கள் இருக்க, 23 பேருள் அவ்வாறு அமைவது அரிது என்றே பலரும் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால், அமைவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். கூடியிருப்போர் 50 பேர் என்றால் நூற்றுக்கு 97. காரணம் எளிது: 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 253 இணைகள் ஆகின்றன, அவற்றுள் ஏதேனும் ஓர் இணை பொருந்தினாலே போதும்.

இதனை அறியாதவர், ‘இருவரும் ஒரே நாளில் பிறந்தோம், இதில் ஏதோ தெய்வ சங்கற்பம் இருக்கிறது’ என்று வியக்கின்றனர். வியப்பதில் தவறில்லை. அவ்வியப்பின் மீது ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்வதும், அதனைக் கொண்டு ஒருவரை உயர்த்தியோ தாழ்த்தியோ பேசுவதுமே தவறாகும்.

நளனும் தான்றி மரமும்

சூதில் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்த தருமபுத்திரர், ‘என்னைப் போல் பேறற்றவன் உலகில் எவனேனும் உளனா?’ என்று கலங்கிக் கேட்டபோது, பிருகதச்வ முனிவர் அவருக்கு உரைத்த வரலாறே நள சரிதம். வியாச பாரதத்தின் வனபர்வத்தில் உள்ள இவ்வரலாற்றைப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகத் தமிழுக்கு வழங்கினார்.

கால் கழுவாமல் சந்தி செய்த ஒரு சிறு குறையைப் பற்றிக்கொண்டு கலிபுருடன் நளனுள் புகுந்தான் என்பதும், அதன்பின் தம்பி புட்கரனிடம் சூதாடி நளன் நாடு, செல்வம் யாவும் இழந்தான் என்பதும் அன்பர்கள் அறிந்ததே. அவன் எத்தனை முறை உருட்டினாலும் காய் அவனுக்கு எதிராகவே விழுந்தது. தமயந்தியையும் பிரிந்து, உருவமும் மாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகப் பணி செய்தான்.

பலரும் விரைந்து கடந்து செல்லும் ஓர் இடம் இதற்குப் பின்னர் வருகிறது. விதர்ப்ப நாட்டிற்கு நளன் தேரை விரைந்து செலுத்திக்கொண்டிருக்க, வழியில் ஒரு தான்றி மரம் நின்றது. இருதுபன்னன் அதனை ஒரு முறை நோக்கி, ‘இதன் இரு கிளைகளிலும் உள்ள காய்கள் 2,095’ என்று உரைத்தான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தினான், மரத்தைச் சாய்த்தான், ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ணிக்கை பிசகவில்லை. வியந்து நின்ற நளனிடம் இருதுபன்னன், சூதின் மருமத்தையும் எண்ணின் திறத்தையும் தான் அறிந்தவன் என்றான். நளன் தனது குதிரை நூல் அறிவை அவனுக்குக் கொடுப்பதாகக் கூறி, அந்த வித்தையைப் பெற்றான். அதனைப் பெற்ற அக்கணமே கலி நளனுடைய உடலை விட்டு வெளியேறி அந்தத் தான்றி மரத்திலேயே புகுந்தான் என்கிறது இதிகாசம்.

பழங்காலத்தில் சூதாடுவதற்குத் தான்றிக் காய்களையே பயன்படுத்தினர். நளனைக் கெடுத்த காயும், நளன் எண்ணிப் பார்த்த காயும் ஒரே இனம். கண்மூடி உருட்டிய வரையில் அது அவனுக்குத் துரதிர்ஷ்டம். கண்திறந்து எண்ணியபோது அது வெறும் காய். கலி அவனை விட்டு நீங்கியது வேள்வியாலும் அன்று, வாள் வலியாலும் அன்று. அறிவைப் பெற்ற அந்தக் கணத்தில் நீங்கியது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று புலம்பும் மனத்தில்தான் கலி குடியிருக்கிறான். ‘இது எவ்வாறு நிகழ்கிறது?’ என்று வினவும் மனத்தில் அவனுக்கு இடமில்லை. பெரியோர் இவ்வரலாற்றைத் தருமருக்கு எடுத்துரைத்ததன் உட்பொருள் இதுவே எனலாம். கதையை முடித்த முனிவர், அந்தச் சூதின் மருமத்தைத் தருமருக்கும் கற்பித்துச் சென்றார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

குடத்தில் இட்ட ஓலை

தற்செயல் தீயது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அதற்கு உறவினர் இல்லை, கையூட்டு இல்லை, முகத்தாட்சணியம் இல்லை. இதனை உணர்ந்த முன்னோர் அதனை நீதியின் கருவியாகவும் பயன்படுத்தினர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களே இதற்குச் சான்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். மகாசபையார் அனைவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் முதியவர் ஒருவர் எல்லோரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் பெற்றுக்கொண்டு, அதிலுள்ள பெயரைப் படித்தான். அங்கிருந்த நம்பிமாரும் அதனை உரக்கப் படித்தனர். இவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் ஆயினர்.

குலுக்கலுக்கு முன்னர் நிகழ்ந்தது யாது என்பதை நோக்குதல் வேண்டும். எல்லோருடைய பெயரும் குடத்தில் இடம்பெறவில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, கல்வி, நல்லொழுக்கம் ஆகியவை தகுதிகள். முன் மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபை திறந்திருந்தது. இன்றைய பார்வையில் அது ஒரு குறையே. ஆயினும் அதன் அமைப்பில் ஒரு பேருண்மை விளங்குகிறது. தகுதியை மனிதர் தம் முயற்சியால் ஈட்டினர். தகுதியுடையோருள் ஒருவரைத் தேர்வதை மட்டும் தற்செயலிடம் ஒப்படைத்தனர்.

சபரிமலையில் ஆண்டுதோறும் மேல்சாந்தியைத் தேர்வதும் இம்முறையை ஒட்டியதே. முதலில் தகுதி ஆராய்ந்து பட்டியல் வகுத்து, பின்னர் சன்னிதானத்தில் ஒரு குழந்தையைக் கொண்டு சீட்டு எடுக்கின்றனர். தேர்வு பெற்றவர் அதனை ஐயப்பனின் அருளாகப் போற்றுகிறார். தேர்வு பெறாதவரைத் தகுதியற்றவர் என்று எவரும் இகழ்வதில்லை. தற்செயலை உள்ளபடி உணர்ந்த சமுதாயத்தின் பண்பு இதுவேயாம்.

ஆயத்தமாய் இருந்தவர்

அவ்வாறாயின் முயற்சிக்கும் நற்பேற்றிற்கும் உள்ள தொடர்பு யாது? கணித மேதை இராமானுசரின் வாழ்வு அதற்கு விடை பகரும்.

1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி பூண்ட குடும்பம். பள்ளிப் பருவத்தில், 1903ஆம் ஆண்டளவில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அது தற்செயல். கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் தேறாமையால் கல்லூரிப் படிப்பு நின்றது. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு மடல் எழுதினார். அதற்கு முன் வேறு இரு அறிஞர்களுக்கு எழுதியதில் பயன் விளையவில்லை. ஹார்டி அம்மடலை ஒதுக்காமல் ஆராய்ந்தார். அதன் பயனாக இராமானுசர் 1914இல் கடல் கடந்து சென்று, 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

மடல் உரியவரின் கையை அடைந்ததை நற்பேறு என்னலாம். ஆனால் அம்மடலில் நிரம்பியிருந்த தேற்றங்கள் நற்பேற்றால் வந்தவை அல்ல. கற்பலகையில் எழுதி எழுதி அழித்துத் தம் குறிப்பேடுகளை அவர் நிரப்பிய ஆண்டுகள் அவற்றின் பின்னே நின்றன. கதவு திறப்பது தற்செயலாக இருக்கலாம். திறக்கும் வேளையில் வாயிலில் நின்றிருப்பது முயற்சி. ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் உரைத்த திருவள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இங்கே மற்றொன்றையும் மறத்தலாகாது. அதே அளவு உழைத்தும் மடல் உரியவரை அடையாமல் மறைந்த திறமைசாலிகள் இருந்திருக்கக் கூடும். ஆதலின், வென்றவர் தம் வெற்றி முழுவதும் தம் உழைப்பே எனச் செருக்குறுதல் பொருந்தாது. தோற்றவர் உழைக்கவில்லை எனப் பழித்தலும் பொருந்தாது.

‘ராசி இல்லாதவர்’ என்னும் சொல்

தற்செயலையும் அதிர்ஷ்டத்தையும் ஒன்றாகக் குழப்புவதால் விளையும் பெருங்கேடு, அழுகிய தேங்காய்க்கு அஞ்சுவதோடு நின்றுவிடுவதில்லை. நிகழ்ச்சிக்கு உரிய பெயரை மனிதர் மீது ஒட்டும்போதே அது கொடுமையாகிறது.

மருமகள் வீட்டிற்கு வந்த ஆண்டில் மாமனார் காலமானால், ‘இவள் கால் வைத்த நேரம்’ என்கின்றனர். குழந்தை பிறந்த மாதத்தில் தந்தைக்கு வேலை போனால், ‘இது பிறந்த வேளை’ என்கின்றனர். கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் பயணத்தையே தள்ளிப் போடுகின்றனர். மகளின் திருமணத்தில் பெற்ற தாயே மேடையேறாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் காட்சியைக் கண்டும் கலங்காத நெஞ்சங்கள் உள்ளன. தாம் செய்யாத ஒன்றிற்காக வாழ்நாள் முழுவதும் அவர்கள் தலைகுனிகின்றனர். பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைத் தண்டிப்பது இது அன்றோ?

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், ஓராண்டிற்குள் பிறப்போ, இறப்போ, நோயோ, இழப்போ ஏதேனும் ஒன்று நிகழாமல் இருப்பது அரிது. முதியவர் உள்ள வீட்டில் மரணம் நேர்வது இயற்கை. ஆதலின் அவ்வாண்டில் எவர் புதிதாக வந்திருந்தாலும் பழி அவர் தலையில் விழக் காத்திருக்கிறது. பிறந்தநாள் கணக்கில் ஏதேனும் ஓர் இணை பொருந்தியது போலவே, இங்கும் ஏதேனும் ஒரு துன்பம் ‘பொருந்தி’விடுகிறது. பொருந்தாத ஆண்டுகளையும், அதே மருமகள் வந்தபின் விளைந்த நன்மைகளையும் எவரும் கணக்கில் வைப்பதில்லை.

‘எல்லாம் வினைப்பயன் என்று சாத்திரங்கள் கூறுகின்றனவே, அவளுடைய வினை அவளோடு வந்தது எனல் தவறா?’ என்று வினவுவோர் உண்டு. வினைக் கொள்கை ஒருவர் தம் நெஞ்சைத் தாமே ஆராய்வதற்கு ஏற்றி வைத்த விளக்கு. பிறரை நிறுப்பதற்குக் கொடுத்த தராசு அன்று. எவருடைய எந்த வினை, எப்போது, எவ்வாறு பயன் தருகிறது என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ‘காணப்படாதது’ என்றே பெயர் பெற்ற ஒன்றைத் தாம் கண்டுவிட்டதாக உரைப்பவர், இறைவனுடைய இருக்கையில் தாமே ஏறி அமர்பவர் ஆவர். அவனுடைய பார்வையில் தற்செயல் என்று ஒன்று இல்லாமலிருக்கலாம். மனிதருடைய பார்வைக்கு அது உண்டு. ‘காரணம் அறியேன்’ என்று பணிவுடன் சொல்லுவதற்குரிய சொல்லே ‘தற்செயல்’. அச்சொல்லில் பக்திக் குறைவு இல்லை, அடக்கமே உள்ளது.

பேற்றைப் பெற்றவர் கடமை

நளன் மீண்டும் புட்கரனோடு ஆடி, இழந்த அனைத்தையும் வென்றான். அப்போது அவன் தம்பியைப் பழிவாங்கவில்லை. ‘முன்பு நீ வென்றது உன் திறத்தால் அன்று, கலியால் நேர்ந்தது’ என உணர்த்தி, அவனுக்குரிய பங்கைத் திருப்பிக் கொடுத்து, மதிப்புடன் அனுப்பி வைத்தான். இழந்தபோது தன்னைச் சூழ்ந்த இருளை அறிந்தவன், வென்றபோது பிறருக்கு ஒளி காட்டினான்.

நற்பேறு வாய்த்தவர் செய்யத் தக்கன இரண்டு: ஒன்று நன்றி, மற்றொன்று பகிர்வு. தம் முயற்சியால் மட்டும் வந்ததன்று என்று உணர்ந்தவர்க்கே நன்றி சுரக்கும். வாய்க்காதவரும் தம்மைப் போன்றவரே என்று உணர்ந்தவர்க்கே பகிரும் கை நீளும். தீப்பேறு நேர்ந்தவர் செய்யத் தக்கது, தம்மைத் தாமே இகழாது மீண்டும் முயலுதல். அருகில் இருப்போர் செய்யத் தக்கது, அவர்மீது பெயர் ஒட்டாது தோள் கொடுத்தல்.

ஆகவே அன்பர்களே! இன்று வீடு திரும்பும்போது, ‘ராசி இல்லாதவர்’ என ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவரேனும் உற்றார் உறவினருள் இருப்பின், அடுத்த மங்கல நிகழ்ச்சியில் அவரை முன்வரிசைக்கு அழைத்து, அவர் கையால் அட்சதையும் ஆசியும் பெறுக. ஆண்டவன் சன்னிதியில் ஏற்றிய தீபம் எவர் முகத்தையும் விலக்கி ஒளிர்வதில்லை. அத்தீபத்தைக் கண்டு வணங்கியவர் உள்ளமும் அவ்வாறே ஒளிர, எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் துணை நிற்பதாகுக!